நீலப் பையும் 14 கேமராக்களும்

"மேடம், என் பையைக் காணோம்" என்று அந்த மாணவி என் மேசை முன்னால் வந்து நின்றபோது மாலை 4 மணி தாண்டியிருந்தது. நீலப் பை. உள்ளே லேப்டாப். லேப்டாப்பில் ஒரு வருட ஆய்வுக் குறிப்புகள். காலை 10 மணிக்கு வாசிப்பறையின் மூன்றாவது மேசையில் பையை வைத்துவிட்டு, வகுப்பு, ஆய்வகம் என்று போய்விட்டுத் திரும்பியிருக்கிறாள்.

"அழாதேம்மா, மேலே கேமரா இருக்கு. பார்த்துடலாம்" என்றேன். முழு நம்பிக்கையோடுதான் சொன்னேன். நான் நூலகராக இருக்கும் இந்தக் கல்லூரி நூலகத்தில் 14 கேமராக்கள் இருக்கின்றன. இரவும் பகலும் பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பை போன நேரத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று நினைத்தேன்.

3 மணி நேரம் ஆனது.

ரெக்கார்டரோடு வந்த மென்பொருளில் பதிவுகள் மணிக்கு ஒரு கோப்பாக வரிசையாக நின்றன. ஒரு கோப்பைத் திறந்து நடுவில் ஓர் இடத்துக்குத் தாவினால் படம் வர 20 விநாடி ஆகும். அசைவு நடந்த நேரத்தைச் சிவப்புக் கோடாகக் காட்டும் வசதி இருந்தது. ஆனால் மின்விசிறி சுற்றி, திரைச்சீலை ஆடிக்கொண்டே இருக்கிற அறையில் நாள் முழுக்கச் சிவப்பாகத்தான் இருந்தது. எல்லாப் பக்கத்திலும் அடிக்கோடு போட்ட புத்தகத்தைப் போல. வேறு வழியில்லாமல் வேகமாக ஓட்டிப் பார்க்கத் தொடங்கினோம். மாணவர்கள் கூட்டமாக எழுந்து போகும்போதெல்லாம் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி ஓட்டி, ஒன்றரை மணி நேரம் அதிலேயே போய்விட்டது.

அப்போது ஷிஃப்ட் மாறி வந்த காவலாளி அண்ணன் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடம், பத்து மணிக்குப் பை இருக்கு, நாலு மணிக்கு இல்ல. நடுவுல ஒரு மணிக்கு இருக்கான்னு மட்டும் பாருங்க. இருந்தா, அதுக்கு முன்னாடி பார்க்கவே வேணாம்."

எவ்வளவு சரியான யோசனை! 6 மணி நேரம் என்பது 360 நிமிடம். பாதி, அதில் பாதி, அதில் பாதி என்று ஒன்பது முறை வெட்டினால் ஒரு நிமிடத்துக்குள் வந்து நின்றுவிடலாம். ஒரு பொருள் போன பிறகு திரும்பி வராது என்றால் இந்த வழி எப்போதும் வேலை செய்யும். எந்த மென்பொருள் வைத்திருந்தாலும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 10 நிமிடத்துக்குள் அந்தக் காட்சி கிடைத்தது. மதியம் 1.37. ஒருவர் வந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நிதானமாக நடந்து போகிறார்.

சரி, இனி வாசல் கேமராவில் முகத்தைப் பார்த்துவிடலாம் என்று அதில் 1.38-க்குப் போனோம். யாரும் இல்லை. 1.40, 1.45, யாரும் இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது: வாசல் கேமராவின் கடிகாரம் 11 நிமிடம் பின்தங்கியிருந்தது. 1.27 என்று காட்டிய இடத்தில் அவர் இருந்தார். முகம் தெரிந்தது, ஆனால் அடையாளம் சொல்கிற அளவுக்கு இல்லை.

கடைசியாக, இரண்டு காட்சிகளையும் வெட்டிப் பென் டிரைவில் எடுத்தோம். வந்த கோப்பு அந்தத் தயாரிப்பாளரின் சொந்த பிளேயரில் மட்டும் ஓடக்கூடியது. காவல் நிலையத்தில் கொடுத்தபோது அங்கிருந்த கணினியில் திறக்கவில்லை. மறுநாள் பிளேயரையும் சேர்த்து எடுத்துப் போனோம். அப்போதுதான் கவனித்தேன், நான் குறித்த விநாடியில் கிளிப் தொடங்கவில்லை. கை பையைத் தொடும் இடம் விட்டுப்போய், அவர் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் இடத்தில்தான் தொடங்கியது.

பை கிடைக்கவில்லை. அந்தப் பெண் ஆறு மாத வேலையை மறுபடி செய்தாள்.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது எங்கள் தொழிலின் அடிப்படை விதிகளில் ஒன்று. புத்தகம் உள்ளே இருக்கிறது, ஆனால் எந்த அலமாரியில் என்று தெரியாது என்ற நிலை வந்தால் நூலகர் வெட்கப்பட வேண்டும். என் பொறுப்பில் இருந்த கேமராப் பதிவுகள் பல வருடங்களாக அப்படித்தான் கிடந்திருக்கின்றன. பட்டியல் இல்லாத குவியல். புதிய மென்பொருள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் தம்பி துணைக்கு வந்தார். விற்பனையாளர்கள் வந்து செயல்விளக்கம் காட்டும்போது முதலில் காட்டுவது நேரலைச் சுவர்தான். பெரிய திரையில் 16 சதுரங்கள், எல்லாவற்றிலும் துல்லியமான படம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எங்கள் நூலகத்தில் அந்தச் சுவரை உட்கார்ந்து பார்க்க யாரும் இல்லை. பெரும்பாலான இடங்களில் இருக்க மாட்டார்கள். கேமராப் பதிவு தேவைப்படுவது ஒரு விஷயம் நடந்து முடிந்த பிறகுதான். அதனால் வந்தவர்களிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "ஒரு வாரம் சோதனைக்குக் கொடுங்கள். நாங்களே தேடிப் பார்த்துச் சொல்கிறோம்."

சோதனையை இப்படி அமைத்தோம். பையைத் தொலைத்த அதே மாணவி "நான் வைக்கிறேன் மேடம்" என்று முன்வந்தாள். ஒவ்வொரு நாளும் அவளுக்குத் தோன்றிய நேரத்தில் தோன்றிய மேசையில் ஒரு பையை வைப்பாள். பிறகு ஒரு நேரத்தில் வேறொரு தோழி வந்து எடுத்துப் போவாள். நேரத்தை ஒரு சீட்டில் எழுதி மடித்து என் மேசை டிராயரில் போட்டுவிடுவார்கள். மாலையில் நான் உட்கார்ந்து அந்தக் காட்சியைக் கண்டுபிடித்து, வாசலில் அந்தத் தோழியின் முகத்தையும் எடுத்து, இரண்டையும் எந்தக் கணினியிலும் ஓடும் கோப்பாகப் பென் டிரைவில் சேர்க்க வேண்டும். தம்பி உதவக் கூடாது. கையில் கடிகாரம்.

முதல் மென்பொருளில் 41 நிமிடம். இரண்டாவதில் 9 நிமிடம். மூன்றாவதில் 3 நிமிடத்துக்கும் குறைவு.

இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று நான் தெரிந்துகொண்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய முறை அசைவைக் கண்டுபிடிப்பது, அடுத்தடுத்த படங்களில் எத்தனை புள்ளிகள் மாறியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துத்தான். வெயில் நகர்ந்தாலும் மாறும், குழல் விளக்கு மினுக்கினாலும் மாறும். இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கைச் சுற்றிப் பறக்கும் பூச்சியும் லென்ஸுக்கு முன்னால் வலை பின்னும் சிலந்தியும் படத்தில் பூதாகாரமாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கை வந்தால் நாலு நாளில் எல்லோரும் எச்சரிக்கையை அணைத்துவிடுவார்கள். புதிய மென்பொருள்களில் அசைந்தது என்ன என்று பார்க்கும் ஒரு படி கூடுதலாக இருக்கிறது. ஆள், பை, வண்டி, நாய் என்று பிரித்துச் சொல்லும். ஃபிரிகேட் என்ற திறமூல (மூல நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய) மென்பொருளை எடுத்துக்கொண்டால், அது முதலில் சிறிய படத்தில் விநாடிக்கு 5 பிரேம் அளவில் அசைவை மட்டும் பார்க்கிறது. அசைவு தெரிந்த பகுதியைத் தனியே வெட்டி, பொருளை அடையாளம் காணும் மாடலுக்கு அனுப்புகிறது. எல்லா கேமராவின் முழுப் படத்தையும் ஓயாமல் அலச வேண்டியதில்லை என்பதால் சாதாரணக் கணினியிலேயே ஓடும். அந்த வேலைக்கென்றே உள்ள சிறு சிப் ஒன்றைச் செருகிக்கொண்டால் இன்னும் லேசு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பையைக் கண்டுபிடிக்கும்' என்று விளம்பரத்தில் இருந்தாலும், அகலமான அறையை ஒரே கேமரா மூலையிலிருந்து பார்க்கும்போது தூரத்து மேசையில் உள்ள பை மாடலுக்கு விரல் நகம் அளவில்கூடத் தெரியாது. மாடல் பார்ப்பது சுருக்கப்பட்ட சின்னப் படத்தை. ஆளைச் சரியாகப் பிடிக்கும், பையைத் தவறவிடும். எங்கள் சோதனையில் இது திரும்பத் திரும்ப நடந்தது.

என் மனத்தை வென்ற வசதி இதைவிட எளிமையானது. படத்தில் பை இருக்கும் இடத்தைச் சுற்றி விரலளவு கட்டம் வரைந்துவிட்டு, 'இந்தக் கட்டத்துக்குள் எப்போதெல்லாம் மாற்றம் நடந்தது?' என்று கேட்பது. நாள் முழுவதற்குமான பதிவை அலசி, ஏழெட்டுச் சிறு படங்களாக வரிசையாகக் காட்டிவிடும். ஒவ்வொன்றாகக் கண்ணால் தடவினால் பை இருக்கும் படத்துக்கும் இல்லாத படத்துக்கும் நடுவில் நாம் தேடுவது இருக்கும். காவலாளி அண்ணன் சொன்ன யுக்திக்கு நெருங்கியதுதான் இது. மூன்றாவது மென்பொருள் 3 நிமிடத்தில் முடித்தது இதனால்தான். நீங்கள் தேர்ந்தெடுக்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒவ்வொருவர் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறார்கள். கட்டம் வரைந்து தேடிக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது கடிகாரம். ஒவ்வொரு கேமராவுக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறது, அது மெல்ல விலகிக்கொண்டே போகும். எல்லா கேமராக்களும் ஒரே நேர சர்வரைப் பார்த்துத் தங்களைச் சரிசெய்துகொள்ளும்படி அமைத்துவிட்டால் தீர்ந்தது. என்.டி.பி. என்பார்கள். எந்த மென்பொருளும் வாங்காமல் அன்றைக்கே செய்யக்கூடிய வேலை இது. யாராவது செய்திருந்தால் அந்த 11 நிமிடக் குழப்பம் இருந்திருக்காது. இதில் இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. ஐந்தாம் எண் கேமராவைப் புதிய மென்பொருளில் சேர்க்கும்போது, சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தும் 'தவறு' என்று அரை நாள் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால் அதற்கும் கடிகாரம்தான் காரணம். கேமராவும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் ஆன்விஃப் என்ற பொது முறையில் உள்ளே நுழையும்போது பாஸ்வேர்டோடு அப்போதைய நேரமும் சேர்த்து அனுப்பப்படுகிறது. இரண்டு பக்கத்து நேரமும் ரொம்ப விலகியிருந்தால் கேமரா ஏற்காது. நேரத்தைத் திருத்தியதும் உடனே சேர்ந்துகொண்டது.

ஆன்விஃப் பற்றி இரண்டு வரி. வெவ்வேறு நிறுவனங்களின் கேமராவும் மென்பொருளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும் என்று ஆக்சிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய பொது ஏற்பாடு அது. அதில் 'புரொஃபைல்' என்று எழுத்துகள் இருக்கும். எஸ் என்றால் அடிப்படைக் காட்சி. டி (T) என்றால், காணொளியை அதிகமாகச் சுருக்கும் எச்.265 முறை உள்ளிட்ட புதிய காட்சி வசதிகள். ஜி என்றால் பதிவு. எம் என்றால் 'இங்கே ஓர் ஆள்' போன்ற தகவல்கள். பெட்டியில் வெறுமனே 'ஆன்விஃப் உண்டு' என்று மட்டும் போட்டிருந்தால் எந்த எழுத்து என்று கேளுங்கள். எங்கள் பழைய கேமராக்களில் 9 உடனே சேர்ந்தன. மற்ற ஐந்தில் ஒன்று கடிகாரப் பிரச்சினை. நான்குக்கு, படத்தை நேராக எடுக்கும் ஆர்.டி.எஸ்.பி. முகவரியைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படிச் சேர்த்தால் படம் வரும், ஆனால் கேமராவே கண்டுபிடிக்கும் அசைவு போன்ற தகவல்கள் வராது. பரவாயில்லை, அந்த நான்கும் படிக்கட்டு கேமராக்கள்.

கிளிப் ஏன் தாமதமாகத் தொடங்கியது என்பதற்கும் விடை கிடைத்தது. காணொளியில் எல்லா பிரேமும் முழுப் படம் அல்ல. நடுநடுவே ஒரு முழுப் படம், அதற்குப் பிறகு வருவதெல்லாம் 'முன்னதிலிருந்து என்ன மாறியது' என்ற குறிப்புகள். முழுப் படம் வரும் இடத்திலிருந்துதான் சுத்தமாகத் தொடங்க முடியும். எங்கள் பழைய ரெக்கார்டரில் இடத்தை மிச்சப்படுத்தும் 'ஸ்மார்ட்' முறை ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது. அசைவில்லாத நேரத்தில் முழுப் படங்களின் இடைவெளியை 10 விநாடிக்கும் மேல் நீட்டிவிடுவது அதன் வழக்கம். நான் குறித்த விநாடிக்குப் பிறகு வந்த முழுப் படத்திலிருந்து அது வெட்டியிருக்கிறது. நல்ல மென்பொருள் அதற்கு முன்னால் உள்ள முழுப் படத்திலிருந்து வெட்டும். இப்போது எல்லா கேமராவிலும் அந்த ஸ்மார்ட் முறையை அணைத்து, விநாடிக்கு ஒரு முழுப் படம் என்று வைத்திருக்கிறோம். கொஞ்சம் இடம் கூடுதலாகப் பிடிக்கிறது, பிடிக்கட்டும்.

இடக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் கேமரா ஒரு நாளில் 43.2 ஜி.பி. நிரப்பும். 14 கேமராவுக்கு நாளொன்றுக்கு 605 ஜி.பி. அளவில் வரும். 30 நாள் என்றால் 18 டெராபைட். எச்.265-க்கு மாற்றி, 2 மெகாபிட்டாகக் குறைத்தபோது எங்கள் அறையில் படத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை. எனவே அதில் பாதி. விற்பவர்கள் 'இத்தனை நாள் நிற்கும்' என்று சொல்வது எந்தக் கணக்கில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அசைவின்போது மட்டும் பதிவு செய்வதாக வைத்துக்கொண்டு சொல்லியிருப்பார்கள். நான் தொடர் பதிவைத்தான் விரும்புகிறேன். அசைவைக் கண்ட பிறகு தொடங்கும் பதிவில் தேவையான முதல் விநாடிகள்தான் போய்விடுகின்றன. டிஸ்க் மட்டும் கண்காணிப்புக்கென்று செய்யப்பட்டதாக இருக்கட்டும். ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்குச் சாதாரண டிஸ்க் தாங்காது.

முகம் தெரியாமல் போனதற்கு மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. இதற்கு ஒரு சர்வதேச அளவுகோலே இருக்கிறது. ஐ.இ.சி. 62676-4. அதன் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, தெரிந்த ஒருவரை 'இவர்தான்' என்று சொல்ல, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 125 புள்ளிகள் வேண்டும். முன்பின் தெரியாதவரை அடையாளம் காண 250 வேண்டும். எங்கள் வாசல் கேமரா 1920 புள்ளி அகலத்தில் 15 மீட்டர் முன்கூடத்தை முழுவதுமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. வகுத்தால் 128. அதாவது, அவர் எங்களுக்குத் தெரிந்தவராக இருந்திருந்தால் சொல்லியிருப்போம், தெரியாதவர் என்பதால் முடியவில்லை. கணக்கு அவ்வளவு துல்லியமாகப் பொருந்தியதைப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்தது. புதிய கேமரா வாங்கவில்லை. அதே கேமராவைக் கதவுக்கு நேராக 3 மீட்டர் அகலம் மட்டும் பார்க்கும்படி திருப்பினோம். இப்போது மீட்டருக்கு 640 புள்ளிகள். உங்கள் கட்டடத்தில் எல்லோரும் கடந்து போயாக வேண்டிய ஒரு குறுகிய இடம் இருக்கும். மென்பொருளுக்குச் செலவு செய்யும் முன் அங்கே ஒரு கேமராவைச் சரியாக நிறுத்துங்கள்.

எந்தெந்த மென்பொருள்களைப் பார்த்தோம் என்று கேட்பவர்களுக்காக. சிறிய இடம், 8 கேமராவுக்குள் என்றால் மைல்ஸ்டோன் நிறுவனத்தின் எக்ஸ்புரொடெக்டில் அந்த எண்ணிக்கைவரை இலவசமாகக் கிடைக்கும் பதிப்பு ஒன்று உண்டு. சினாலஜி சேமிப்புப் பெட்டி ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே சர்வைலன்ஸ் ஸ்டேஷன் இருக்கிறது. இரண்டு கேமரா லைசென்ஸ் கூடவே வரும், அதற்கு மேல் வாங்க வேண்டும். விண்டோஸ் கணினியில் ஓட்ட ப்ளூ ஐரிஸ். லினக்ஸில் நெடுங்காலமாக இருக்கும் ஜோன்மைண்டர். மேலே சொன்ன ஃபிரிகேட். திறமூல மென்பொருள்களுக்குக் கேமராவுக்கு இவ்வளவு என்ற லைசென்ஸ் கணக்கே இல்லை. ஃபிரிகேட்டைத் தம்பி தன் வீட்டில் வைத்திருக்கிறார், அமைப்பையெல்லாம் உரைக்கோப்பில் தானே எழுதிக்கொள்கிறார், அவருக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. நூலகத்துக்கு என்று வரும்போது நான் வேறொன்றையும் யோசித்தேன். தம்பி நாளைக்கு வேறு வேலைக்குப் போய்விட்டால் இதை யார் பார்ப்பார்கள்? எந்த மென்பொருளானாலும் அதைப் பராமரிக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவர் இருக்க வேண்டும்.

கிளவுடில் சேமிக்கும் சேவைகளையும் பார்த்தோம். 14 கேமராவுக்கும் சேர்த்து விநாடிக்கு 28 மெகாபிட் இரவு பகலாக மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 2021 மார்ச்சில் வெர்காடா என்ற கிளவுட் கேமரா நிறுவனத்தின் உள்ளே நுழைந்தவர்கள், மருத்துவமனைகள், பள்ளிகள், சிறைகள் உட்படச் சுமார் ஒன்றரை லட்சம் கேமராக்களின் காட்சிகளைப் பார்க்க முடிந்தது. ஒரே இடத்தில் எல்லோருடைய சாவியும் இருந்தால் நடக்கக்கூடியது அது. உள்ளூரிலேயே வைத்துக்கொள்பவர்களுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையதளங்களை முடக்கியது. நாங்கள் கேமராக்களைத் தனி நெட்வொர்க்கில் பிரித்து, அவை இணையத்துக்குப் போகவே முடியாதபடி வைத்திருக்கிறோம். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் வி.பி.என். என்ற பூட்டிய தனி இணைப்பு வழியாக மட்டும்.

இனி சொல்லப் போவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம்.

சோதனைகள் நடந்துகொண்டிருந்த வாரத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். "மேடம், நான் என்ன புத்தகம் படிக்கிறேன்னு இதுல தெரியுமா?" என்று கேட்டான். ஏன் கேட்டான் என்று நான் கேட்கவில்லை. உடல்நலம் பற்றியோ, மனம் பற்றியோ, வீட்டில் பேச முடியாத எதைப் பற்றியோ படிக்க நூலகத்துக்கு வருகிறவர்கள் உண்டு. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்பதை நூலகர் இன்னொருவரிடம் சொல்ல மாட்டார். அப்படியிருக்க, தலைக்கு மேல் ஒரு கேமரா அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் காப்பாற்றும் ரகசியத்துக்கு என்ன பொருள்?

அன்று மாலையே ஒவ்வொரு கேமராவின் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டில் பக்கத்தின் எழுத்தைப் படிக்க முடியாவிட்டாலும் அட்டை தெளிவாகத் தெரிந்தது. ஒன்றில் லேப்டாப் திரையே தெரிந்தது. அந்த மூன்றையும் இடம் மாற்றினோம். மாற்ற முடியாத கோணங்களில் மேசையின் மேற்பரப்பைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்தோம். பை வைக்கும் அலமாரியும் நடைபாதையும் மட்டும் திறந்திருக்கின்றன. பைகளை மேசையில் விடாமல் அந்த அலமாரியில் வைக்கச் சொல்லிப் பலகை எழுதினோம். இந்த மறைப்பைக் கேமராவிலேயே போடுவது நல்லது. மென்பொருளில் மட்டும் போட்டால், சில மென்பொருள்களில் பார்க்கும்போதுதான் மறையும், பதிவில் முழுப் படமும் இருக்கும், அனுமதி உள்ளவர் நீக்கிப் பார்த்துவிடலாம்.

மாணவனிடம் சொன்னதை எழுத்திலும் போட்டு வாசலில் ஒட்டியிருக்கிறேன். ஒலி பதிவாகாது. முகத்தை வைத்து ஆளைத் தேடும் வசதி அணைக்கப்பட்டிருக்கிறது. 21 நாளில் பதிவு தானாக அழியும். டிஸ்கில் இடம் இருக்கிறது என்பதற்காக அதற்கு மேல் வைத்திருக்க மாட்டோம். பதிவைத் தேட வேண்டுமென்றால் இருவர் பாஸ்வேர்டு கொடுத்தால்தான் திறக்கும், ஒருவர் நான், இன்னொருவர் பாதுகாப்புப் பொறுப்பாளர். யார், எப்போது, எந்த கேமராவின் எந்த நேரத்தைப் பார்த்தார் என்பது அழிக்க முடியாத குறிப்பாக ஏறும். மாணவர் பேரவையிலிருந்து ஒருவர் மாதம் ஒருமுறை அந்தக் குறிப்பைப் பார்க்கலாம்.

மூன்றாவது மென்பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு 3 நிமிடத் தேடல் பாதிக் காரணம்தான். இரட்டைப் பாஸ்வேர்டும் அந்தக் குறிப்பும் மீதிப் பாதி. கேமராவுக்கு ஒரு லைசென்ஸ் வாங்க வேண்டிய வணிக மென்பொருள் அது. நேரலைச் சுவர் அதில் சுமார்தான். நிர்வாகக் கூட்டத்தில் "அந்த முதல் கம்பெனிக்காரர் காட்டினது எவ்வளவு பளிச்சுன்னு இருந்தது" என்று ஒருவர் கேட்டார். சோதனைச் சீட்டுகளை மேசையில் பரப்பி, 41, 9, 3 என்று காட்டினேன். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. பழைய மென்பொருளை மாற்றும்போது பார்த்தால், பின்படிக்கட்டு கேமரா 19 நாளாகப் பதிவே செய்யாமல் இருந்திருக்கிறது. திரையில் கடைசியாக வந்த படம் அப்படியே உறைந்து நின்றதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கேமரா நின்றாலோ, டிஸ்க் எழுத மறுத்தாலோ, ஒரு மணி நேரம் பதிவு வரவில்லை என்றாலோ உடனே செய்தி அனுப்பும் மென்பொருளாகப் பாருங்கள். அனுப்புகிறதா என்று கேட்டால் போதாது. ஒரு கேமராவின் கம்பியைப் பிடுங்கிவிட்டு எத்தனை நிமிடத்தில் போனுக்குச் செய்தி வருகிறது என்று பாருங்கள். எங்களுக்கு இரண்டு நிமிடத்தில் வந்தது.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை காவலாளி அண்ணன் நூலகத்தில் எங்காவது ஒரு பையை வைத்து எடுத்துவிட்டு, நேரத்தைச் சீட்டில் எழுதி டிராயரில் போடுகிறார். மாலை 5 மணிக்கு நானும் பாதுகாப்புப் பொறுப்பாளரும் உட்கார்ந்து தேடுகிறோம். போன முறை 2 நிமிடம் 40 விநாடி. வாசல் கேமராவின் படம் மட்டும் கொஞ்சம் மங்கலாக இருந்தது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் கண்ணாடியில் தூசி. துடைத்துவிட்டு, மறுபடி ஒருமுறை அவரை வாசல் வழியாக நடந்து வரச் சொல்லிப் பார்த்துக்கொண்டோம்.